பெர்ஸியின் பின்னங்கால்

காலையில் பேர் கொடுக்கும் பெரட்டு கலைந்து ஆட்கள் ரப்பர்ப் பால்மரக் காட்டுக்குப் போன பிறகும், காய்ச்சல் மருந்துக்கு வந்த கூட்டம் கலைந்த பிறகும், பெர்ஸி எழுந்திருக்கவில்லை.

டிரஸ்ஸர் கனகராஜ் வெள்ளைக் கால்சட்டை அழுக்காவதைப் பொருட்படுத்தாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் மண்டியிட்டுக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். மேபல் எழுந்து புல் மென்றுகொண்டிருந்தாள். எழுந்தாள் என்று பெயர்தான். பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள். பெர்ஸி அதுவும் செய்யாமல் முதுகைக் கூன்போட்டுக்கொண்டு, யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி கனகராஜை முறைத்தான்.

இரண்டும் துரைசாணி வளர்க்கும் சீமைப் பெருச்சாளிகள். பெருச்சாளி என்றதும் பயந்துவிட வேண்டாம். வால் கிடையாது, மனிதரைக் கடிக்காது, உருண்டையாக, பழுப்பும் வெள்ளையுமாக, தலையணையில் பாதி அளவு இருக்கும். பசித்தால் விசில் அடிக்கும். இரண்டுக்கும் நல்ல வயது. அந்த இனத்தில் அவ்வளவு காலம் இருப்பதே பெரிய விஷயம் என்று துரைசாணியே சொல்லியிருந்தாள்.

பெரிய துரையும் துரைசாணியும் ஆறு மாத லீவில் சீமைக்குக் கப்பல் ஏறியபோது பங்களாவைப் பூட்டினார்கள். சமையல்காரச் சீனன் சிங்கப்பூருக்கும், ஆயா அங்கம்மா சிகாமட்டில் மகள் வீட்டுக்கும் போய்விட்டார்கள். எலிகள் மட்டும் கனகராஜிடம் வந்தன. கூண்டை ஒப்படைத்தபோது துரைசாணி வேறு எதையும் பற்றிப் பேசவில்லை, கால்களைப் பற்றித்தான் பேசினாள். திரும்பி வந்ததும் முதலில் அந்தக் கால்களைத்தான் பார்ப்பேன் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

அந்த நேரத்தில் சிகாமட் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை டிரஸ்ஸர் வேலை காலியாகிக் கிடந்தது. திரும்பி வந்ததும் சிபாரிசு எழுதுகிறேன் என்று பெரிய துரை வாக்குக் கொடுத்திருந்தார். பெரிய துரை எதை எழுதுவதாக இருந்தாலும் துரைசாணியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார் என்பது லாபிஸ் ஸ்டேஷன் வரைக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே சிகாமட் உத்தியோகம் இப்போது எட்டுக் கால்களில் நின்றது. அவற்றில் நாலு எழுந்திருக்க மறுத்தன.

கனகராஜின் மனைவி செல்வராணி அன்றைக்கே மூட்டை கட்ட ஆரம்பித்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அட்டைக்கடியும், ஒழுகும் கூரையும், பேச்சுத் துணைக்கு ஆளில்லாத மாலை நேரமும் அவளுக்குப் போதும் போதும் என்று ஆகியிருந்தது. பாத்திரங்களைப் பெட்டியில் போட்டுவிட்டு ஒரே சட்டியில் சோறும் குழம்பும் மாற்றி மாற்றிச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

"வாதம்," என்றார் கனகராஜ், எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டு. "வயசாச்சுல்ல, முட்டியில வாதம். மனுசனுக்கு வர்றதுதான். நான் பாத்துக்கிறேன்."

"மனுசனுக்கே நீங்க பாத்து வாதம் நின்னதில்லையே," என்றாள் செல்வராணி.

கனகராஜ் இதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. டாக்டர் எப்போதோ ஒரு தரம் காரில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் அந்தத் தோட்டத்துக்கு டாக்டர், கம்பவுண்டர், பிரசவம் பார்ப்பவர் எல்லாம் அவரே. தன் கைராசியில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. நோயாளிகளுக்கும் அப்படி இருந்ததா என்று யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

முதலில் கற்பூரத் தைலத்தை எடுத்தார். தோட்டத்தில் இடுப்புப் பிடிப்புக்கு அவர் கொடுக்கும் தைலம் அது. வாசனையே பாதி நோயை விரட்டிவிடும் என்பார். பெர்ஸியின் பின்னங்கால்களிலும் மேபலின் பின்னங்கால்களிலும் சூடு பறக்கத் தேய்த்தார். மனிதன் தைலம் தேய்த்தால் அதை நக்கிப் பார்ப்பதில்லை, எலிகள் நக்கின. நக்கிவிட்டுத் தும்மின. தும்மிவிட்டு ஒன்றையொன்று மோந்து பார்த்தன. இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்த பெர்ஸியை மேபலுக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ அந்நியன் கூண்டுக்குள் புகுந்துவிட்டான் என்று முடிவுகட்டி, நல்லதாக இருந்த முன்னங்காலில் கடித்து வைத்தாள்.

இப்போது பெர்ஸிக்கு மூன்று கால்கள் போயின. வாசனையைப் போக்க கனகராஜ் இரண்டையும் வெந்நீரில் குளிப்பாட்டினார். அன்றைக்கென்று பார்த்து மழை. இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. செல்வராணி கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்து, தன் பழைய புடவையில் இரண்டையும் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புருஷனை அவள் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

சில நாள்களில் கடி ஆறியது. கனகராஜுக்குத் தெம்பும் திரும்பியது. தைலம் தப்பில்லை, வழிதான் தப்பு. படுத்தே கிடந்தால் முட்டி இறுகத்தான் செய்யும், நடக்கவிட வேண்டும் என்று கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரி வாசலில் சரளைக்கல். ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் நாய்கள். மெத்தென்று புல் இருந்த ஒரே இடம் பிள்ளையார் கோவில் பக்கம்தான். சாயங்காலம் மருந்துக் கூடையில் இரண்டையும் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் அங்கே இறக்கிவிட்டார்.

வெள்ளையம்மா கோவில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். புல்லு வெட்டும் கூட்டத்தில் மூத்தவள் அவள்தான். அவளுடைய முட்டி வலி தோட்டத்தில் எல்லாருக்கும் பரிச்சயம். மழை வருமா வராதா என்பதைக்கூட அவளிடம்தான் கேட்பார்கள். புல்லில் இரண்டு உருண்டைகள் நகர்வதைப் பார்த்து விளக்குமாற்றைக் கீழே போட்டாள். கர்ப்பக்கிரகத்தைப் பார்த்தாள், பிள்ளையாரின் காலடியில் இருந்த கல் மூஞ்சூறைப் பார்த்தாள், திரும்பிப் புல்லைப் பார்த்தாள். கை தானாகக் குவிந்தது.

"ஐயா, இது வாகனந்தானே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கனகராஜுக்கு மூளை வேகமாக வேலை செய்யும். அதுதான் அவருடைய கஷ்டமே. லயத்து இளவட்டங்கள் இரண்டு பேர் ஏற்கெனவே வந்து, இது கறிக்கு எப்படி இருக்கும் என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். நாய்த் தொல்லை வேறு. வாகனம் என்றால் எவன் கை வைப்பான்?

"ஆமா வெள்ளையம்மா," என்றார். "சீமையிலேர்ந்து வந்த வாகனம். யாரும் ஒண்ணும் பண்ணிடாம பாத்துக்கணும்."

வீட்டுக்கு வந்து, ஒரே வார்த்தையில் தோட்டம் முழுக்கக் காவல் போட்டுவிட்டேன் என்று செல்வராணியிடம் பெருமையடித்துக்கொண்டார். காவல் நன்றாகவே இருந்தது. நாய்களைக் கட்டிப்போட்டார்கள். இளவட்டங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் கொழுக்கட்டையும் வரத் தொடங்கியது.

கனகராஜ் ஆற்றுக்கு அப்பால் உள்ள லயத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகிற நேரமெல்லாம் வராந்தாவில் கூட்டம். கொழுக்கட்டை, வெல்லம் போட்ட அவல், வாழைப்பழம், சுண்டல். வாழ்நாளெல்லாம் புல் தின்ற பிராணிகள், சாமி பெயரைச் சொல்லிக் கொடுத்ததை மறுக்கவில்லை. கனகராஜ் விஷயத்தைக் கண்டுபிடித்தபோது பெர்ஸியின் வயிறு தரையைத் தொட்டது. குழந்தை நிறுக்கும் தராசில் வைத்தால் தட்டு டங்கென்று இறங்கியது. அந்த எடையைத் தாங்க அந்தக் குச்சிக் கால்களால் எப்படி முடியும்? மேபலும் இப்போது எழுந்திருப்பதை விட்டுவிட்டாள்.

கூட்டத்தின் முன்னால் நின்று கனகராஜ் பிரசங்கம் செய்தார். இதுகளுக்கு முட்டியில் வாதம், உடம்பு பெருத்தால் வலி கூடும், இனி ஒரு பருக்கை கொடுக்கக்கூடாது என்றார். வெள்ளையம்மா மட்டும் முன்னால் வந்தாள்.

"எந்தக் கால்ல ஐயா வலி?"

"பெர்ஸிக்கா? வலது பின்னங்கால்தான் மோசம்."

வெள்ளையம்மா தன் வலது முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். மடக்கினாள், நீட்டினாள். "போன வெள்ளிக்கெழம அந்தக் காலத் தடவிக் குடுத்தேன்," என்றாள் மெதுவாக. "அன்னிலேர்ந்து எனக்கு வலியே இல்ல. அது வாங்கிக்கிச்சு."

வலி ஏன் போயிற்று என்பது நமக்குத் தெரியும். காட்டில் குந்திப் புல் வெட்டுவதை விட்டுவிட்டு, வாகனத்துக்குக் காவல் என்று சொல்லி ஒரு வாரமாக வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஆனால் இதை எடுத்துச் சொல்ல கனகராஜுக்கு இடம் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் மருந்துக்கு நின்ற வரிசை பெர்ஸிக்கு நின்றது. பெர்ஸிக்கு இருப்பதோ நாலே கால். தோட்டத்தில் முட்டிக்கா பஞ்சம்? ஆளாளுக்குத் தடவியதில் அவன் இன்னும் நடக்க மாட்டேன் என்றான். அவன் நொண்ட நொண்ட ஜனங்களுக்குப் பக்தி வளர்ந்தது. கங்காணி ஐயாசாமியே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையில் வந்து, தோள்பட்டை வலிக்கு எந்தக் காலைத் தொட வேண்டும் என்று ரகசியமாக விசாரித்தார்.

கனகராஜுக்குக் கோபம் வந்தது. கோபத்திலும் யோசனை வந்தது. வாகனம் விரதம் இருக்கிறது, விரத காலத்தில் யாரும் தொடக்கூடாது, பச்சைப்புல்லும் கொய்யாப்பழமும் தவிர எதுவும் ஆகாது என்று அறிவித்துவிட்டுக் கூண்டை வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டார். விரதம் என்றதும் எல்லாரும் கட்டுப்பட்டார்கள். சிலர் தாங்களும் ஒருவேளை சாப்பாட்டை விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் வைத்தியம் பார்க்கிறேன் என்று அலட்டிக்கொள்ளாமல் எலிகளைக் கவனிக்க ஆரம்பித்தார். ஈரப்புல் படுக்கையில் காலையில் கால் இறுகுகிறது என்று தெரிந்தது. காய்ந்த புல்லைத் தடிமனாகப் பரப்பி தினமும் மாற்றினார். நகங்கள் சுருண்டு வளர்ந்து பாதம் ஊன்ற முடியாமல் செய்வதைக் கண்டார். ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார். மழை நாள்களில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார். சமையலறையில் பாயை விரித்து, கொய்யாத் துண்டைக் கொஞ்ச தூரத்தில் வைத்து, அதை நோக்கி மெள்ள நடக்கவிட்டார். உடம்பு இளைத்தது. பெர்ஸி முதலில் நின்றான், பிறகு நடந்தான். கனகராஜின் செருப்புச் சத்தம் கேட்டாலே விசில் அடித்தான். அந்த எலியின் மேல் கனகராஜுக்குப் பாசம் வந்துவிட்டது. அதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டு, சிகாமட் வேலைக்காகத்தான் பார்க்கிறேன் என்று செல்வராணியிடம் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே, சட்டியையும் கழுவிப் பெட்டியில் வைத்தாள்.

பெரிய துரை வரும் வாரம் பெர்ஸி ஓடினான். பாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி, அங்கே ஒரு துள்ளும் துள்ளினான். மேபல் அவனைத் துரத்தினாள். கனகராஜ் இரண்டையும் கூடையில் எடுத்துக்கொண்டுபோய்க் கோவில் புல்லில் விட்டு, எல்லாரும் பார்க்கும்படி ஓடவிட்டார். கைதட்டுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தார்.

யாரும் தட்டவில்லை. வெள்ளையம்மா தன் வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

மறுநாள் பெரட்டில் புல்லு வெட்டும் கூட்டத்தில் பாதியைக் காணவில்லை. வந்தவர்களும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றார்கள். பெரிய துரைக்குப் பதிலாக இருந்த சின்னத் துரை கோபத்தில் சிவந்து, பெரிய துரை வந்து காட்டைப் பார்ப்பதற்குள் ஆட்களை எழுப்பி நடக்கவிடாவிட்டால் டிரஸ்ஸர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று கத்திவிட்டுப் போனார். சாயங்காலம் கங்காணி ஐயாசாமி தலைமையில் ஒரு கூட்டம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது. ஐயாசாமியின் தோள்பட்டையில் ஒரு துண்டு கட்டியிருந்தது.

"ஐயா, எல்லாருக்கும் ரொம்ப சூசாவா, கஷ்டமா இருக்கு," என்று தொடங்கினார். "குடுத்த வலிய அது திருப்பிக் குடுத்துடுச்சு. நீங்க பெரிய மனசு பண்ணணும்."

"நான் என்ன பண்ணணும்?"

"நாலு காலும் வேணாம். ஒரு காலாவது நொண்டட்டும்."

பக்கத்தில் இருந்த வெள்ளையம்மா, எந்தக் கால் என்பதை மட்டும் தன்னிடம் கேட்டுச் செய்யும்படி கேட்டுக்கொண்டாள். கொழுக்கட்டைப் பாத்திரம் ஒன்று கைமாறி முன்வரிசைக்கு வந்தது.

கனகராஜுக்கு ஒரு நிமிஷம் சபலம் தட்டியது என்றே சொல்ல வேண்டும். பெர்ஸிக்குப் பத்துக் கொழுக்கட்டை கொடுத்தால் போதும், ஆட்கள் எழுந்து நடப்பார்கள், சின்னத் துரையின் வாய் அடங்கிவிடும். ஆனால் உள்ளே பெர்ஸி விசில் அடித்தான். அதைக் கேட்டதும் மனசு உறுதிப்பட்டுவிட்டது. வராந்தாப் படியில் ஏறி நின்றார். படித்தவன், பரீட்சை எழுதித் தேறினவன் என்கிற தோரணையெல்லாம் அன்று பேச்சில் வந்தது.

"ஒருத்தர் வலிய இன்னொருத்தர் வாங்கிக்க முடியாது. அதுலயும் எலி எப்படி வாங்கிக்கும்? நாமதான் இந்தக் காட்டுல கிடந்து இப்படியெல்லாம் நம்பிக்கிட்டிருக்கோம். வெள்ளைக்காரன் காதுல விழுந்தா சிரிப்பான். துரைசாணி வரட்டும், அந்தக் காலப் பாத்து அவங்க சந்தோஷப்படறதப் பாத்தாவது உங்களுக்குப் புத்தி வரட்டும்."

கூட்டம் நொண்டிக்கொண்டே கலைந்து போனது. தன் வாழ்க்கையில் இவ்வளவு சரியாக எப்போதும் பேசியதில்லை என்று கனகராஜுக்குப் பட்டது. செல்வராணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அன்றைக்குப் புருஷன்மேல் பெருமையாக இருந்தது. அதை அவரிடமே சொல்லவும் சொன்னாள்.

லாபிஸ் ஸ்டேஷனுக்குக் கார் போயிருந்தது. அங்கம்மாவும் சிகாமட்டிலிருந்து ரயிலில் வந்து, துரைசாணியை அங்கே சந்தித்து அதே காரில் வருவதாக ஏற்பாடு. பங்களா முன்னால் மொத்தத் தோட்டமும் கூடியிருந்தது. சலவை கலையாத சட்டையோடு கனகராஜ் புல்தரையில் கூண்டை வைத்துக்கொண்டு நின்றார். செல்வராணி பட்டுப்புடவையில் அவருக்குப் பின்னால். அங்கிருந்து அப்படியே வண்டி ஏறிவிடலாம் போல அவள் முகம் இருந்தது.

கார் வந்து நின்றது. துரைசாணி கதவைத் தானே திறந்துகொண்டு இறங்கினாள். இறங்கினாள் என்பதைவிடக் குதித்தாள் என்பது சரி. கப்பல் பிரயாணம் முடித்து வந்தவள் மாதிரியே இல்லை. மாலைகளை வாங்கிக்கொண்டு, குழந்தைகளின் கன்னத்தைத் தட்டிக்கொண்டு, விறுவிறுவென்று கனகராஜிடம் வந்தாள். வந்ததும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். துரைசாணி கைகுலுக்கிய டிரஸ்ஸர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

கனகராஜ் குனிந்து கூண்டைத் திறந்தார். பெர்ஸி வெளியே வந்து மோந்து பார்த்தான். பிறகு பிடித்தான் ஓட்டம். பங்களாப் புல்தரையை ஒரு சுற்றுச் சுற்றி, பூச்செடிப் பாத்தியைத் தாண்டிக் குதித்து, மேபல் பின்தொடரக் காருக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வந்து நாலு காலும் தரையில் படாமல் துள்ளினான். பிறந்த குட்டிகூட அப்படித் துள்ளாது. கனகராஜ் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். இப்போது என்ன சொல்கிறீர்கள் என்பது மாதிரி ஒரு பார்வை.

துரைசாணியின் முகத்தில் இருந்த சிரிப்பு மெள்ள மெள்ள அழிந்தது. பெர்ஸியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கை ஒன்று பாவாடைக்கு மேலாகத் தன் முட்டியைத் தேடியது. ஏதோ முனகினாள். ஒரு கால் மடங்கியது. பெரிய துரை ஓடிவந்து அவளைத் தாங்கி, படி படியாகப் பங்களாவுக்குள் அழைத்துப்போனார். போகும்போது திரும்பி கனகராஜைப் பார்த்த பார்வையில் சிகாமட் ஆஸ்பத்திரி எங்கேயும் தென்படவில்லை.

வெள்ளையம்மா மட்டும், துரைசாணியை ரொம்பவும் புரிந்துகொண்டவள் மாதிரி தலையை ஆட்டினாள்.

அங்கம்மா காரிலிருந்து துணி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். கனகராஜ் அவளிடம் போய், தூரப் பிரயாணத்தில் அம்மாவுக்கு ஏதாவது உடம்புக்கு முடியவில்லையா, வேண்டுமானால் மருந்துப் பெட்டியை எடுத்து வரட்டுமா என்று கேட்டார். அங்கம்மா மூட்டையைக் கீழே வைத்தாள். அவரையும், இன்னும் துள்ளிக்கொண்டிருந்த பெர்ஸியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முட்டி வாதத்த இந்த எலிங்க வாங்கிக்கும்னு அவங்க ஊர் வழக்கமாம் ஐயா, அதுக்குன்னே வளக்கறாங்க, ஆறு மாசமா வலியே இல்ல, நம்ம டிரஸ்ஸர் ரெண்டையும் நல்லா நொண்ட வச்சிருக்காருன்னு ஸ்டேஷன்லேர்ந்து இதுவரைக்கும் உங்களத்தான் புகழ்ந்துக்கிட்டே வந்தாங்க."